முதல் படகில் அத்தை

"டேய் கெலேபி, உங்க அத்தை உன் கூட்டத்துலதான்டா இருக்காங்க," என்றது வாக்கி டாக்கி.

கெலேபியின் கையிலிருந்த துடுப்பு மணலில் விழுந்தது. கரையோரம் இரண்டு பேர் துடுப்புப் போடும் மூன்று கயாக் படகுகள் தயாராகக் கிடந்தன. விருந்தாளிகள் ஐந்து பேரும் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடல் குகை வரை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கெலேபியின் வேலை.

"எந்த அத்தை?"

"உனக்கென்ன ஒன்பது அத்தையா? ஆக்லாந்து அத்தைடா! நேத்து விமானத்துல வந்து நம்ம ஹோட்டல்லயே தங்கியிருக்காங்களாம். வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி குகையைப் பாக்கணுமாம். உங்கப்பா இப்பத்தான் போன் பண்ணினாரு. சாயங்காலம் அவரே கரைக்கு வந்து அழைச்சிட்டுப் போவாரு. அதுவரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

பேசியது ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் மானு, கெலேபியின் சித்தி மகன்.

"அத்தை எப்படி இருப்பாங்க மானு?"

"நான் இப்பத்தானே வேலைக்கு வந்தேன், எனக்கென்ன தெரியும்? அத்தை மாதிரி இருப்பாங்க."

தோங்காத் தீவுகளில் அப்பாவின் அக்கா என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. ராஜாவாகவே இருந்தாலும் அக்காவுக்கு முன்னால் ஒரு படி கீழேதான். அத்தைக்கு எதிரே உட்கார்ந்து தின்னக் கூடாது. அவளுக்கு முதுகு காட்டக் கூடாது, அவளைவிட உயரமான இடத்தில் உட்காரக் கூடாது. அவள் கை நீட்டிக் கேட்ட பொருள் அவளுடையது. அவள் தலைப் பக்கம் கை போனால் அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஊரைவிட்டே போய்விடலாம். அவளுக்குக் கட்டளை போடுவதைப் பற்றி யாரும் விதி எழுதவில்லை. அப்படி ஒருவன் பிறப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த அத்தை கெலேபி பிறப்பதற்கு முந்தின வருடம் தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆக்லாந்துக்குக் கப்பலேறியவர். முப்பத்தைந்து வருடமாகப் போன் கிடையாது, கடிதம் கிடையாது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய போட்டோ. அதில் உப்பின கன்னத்தோடு ஒரு பெண் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் இப்போது வந்திருப்பதே கெலேபியின் கல்யாண விஷயமாகத்தான். கெலேபி விரும்பிய ஃபிஃபிடாவின் வீட்டார் வேறு திருச்சபைக்காரர்கள். "அக்கா சரின்னு சொன்னா கட்டிக்க. வேண்டாம்னா பொண்ணு முகத்தைக்கூடப் பாக்காத," என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பாதிரியார் எப்படியோ முகவரி பிடித்து அத்தைக்கு எழுதிய கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் வந்தது: "நேரில் வருகிறேன். பார்த்துச் சொல்கிறேன்."

கெலேபி கூட்டத்தை நோட்டம் விட்டான். புதுசாகக் கல்யாணமான ஆஸ்திரேலிய ஜோடி ஒன்று. யான் என்று ஒரு டச்சுக்காரர். முகம் முழுக்க வெள்ளை வெயில் களிம்பு அப்பிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் கழுத்தை மூடிய தொப்பியுமாக, ஈர்க்குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி ஒரு ஒல்லிப் பெண்மணி. ஐந்தாவதாக, பூப்போட்ட அங்கியில், கொண்டையில் செம்பருத்தியோடு, விசிறியால் விசிறிக்கொண்டு ஒரு மலை உட்கார்ந்திருந்தது.

இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? கெலேபி அந்த அம்மாளின் முன்னால் முழந்தாளிட்டு அவருடைய லைஃப் ஜாக்கெட் வாரைத் தானே மாட்டிவிட்டான்.

"அடடா, என்ன மரியாதை!" என்று இங்கிலீஷில் பூரித்துப்போனார் அந்த அம்மாள். "எங்க ஊர்லகூட இப்படிக் கிடையாதுப்பா."

ஆக்லாந்தில் யார் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டான் கெலேபி.

முதல் சிக்கல் உடனே வந்தது. வழிகாட்டி என்பவன் முன்னால் போக வேண்டும். முன்னால் போனால் அத்தைக்கு முதுகு காட்ட வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டு அத்தையை யானோடு சேர்த்து முதல் படகில் ஏற்றி முன்னால் அனுப்பினான். நடுவில் ஆஸ்திரேலிய ஜோடி. கடைசியில் அவன். அவன் படகின் முன் இருக்கையில் ஒல்லிப் பெண்மணி.

"வழிகாட்டி கடைசியிலயா வருவாரு?" என்று கேட்டாள் அவள்.

"எங்க வழக்கம் அப்படி மேடம். நீங்க துடுப்பைப் போடுங்க."

ஊர் மறைந்ததும் பாறைகள் எழும்பின. இந்த வவாவு தீவிலேயே பிறந்து வளர்ந்தவன்தான், இதே பாதையில் ஆயிரம் தடவை போனவன்தான். ஆனாலும் அந்தச் சுண்ணாம்புப் பாறைச் சுவர்களின் அடியில் படகு நுழையும்போது கெலேபியின் வாய் தானாக மூடிக்கொள்ளும். நூறு அடி உயரச் சுவரின் அடிவயிற்றைக் கடல் தின்று தின்று உள்ளே குடைந்திருந்தது. உச்சியில் வேர்கள் காற்றில் தொங்கின. கீழே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தெளிவு. முப்பது அடி ஆழத்தில் படகின் நிழல் பவளத்தின் மேல் ஊர்ந்துகொண்டே கூட வந்தது. இவ்வளவு பெரிய பாறைக்கு முன்னால் தான் எவ்வளவு சின்னவன் என்று நினைத்ததும் அவனுக்கு எப்போதும்போல நெஞ்சு நிறைந்தது.

நிறைந்த நெஞ்சு அடுத்த நிமிடமே காலியானது. முதல் படகு அலை உடைகிற திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அத்தை விசிறியால் அந்தப் பக்கம் காட்ட, யான் பக்தியோடு துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் திருப்புங்க" என்று அத்தையிடம் எப்படிக் கத்துவது? மருமகளுக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லும் மாமியார்களின் தந்திரம் கெலேபிக்குக் கைகொடுத்தது. தன் படகில் இருந்தவளைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினான்:

"மேடம்! இடது பக்கம்! எத்தன தடவ சொல்றது? காது கேக்கலையா?"

"நாம இடது பக்கந்தானே போறோம்?"

"வாயாடாதீங்க! இடது! இன்னும் இடது!"

யானுக்குக் கேட்டுவிட்டது. முதல் படகு திரும்பியது. தந்திரம் பலித்த சந்தோஷத்தில் கெலேபி வழியெல்லாம் அதையே தொடர்ந்தான். அத்தை படகில் சாய்ந்தால், "மேடம், நிமிந்து உக்காருங்க, இதென்ன உங்க வீட்டுக் கட்டிலா?" அத்தை பாறையைத் தொடக் கை நீட்டினால், "கைய உள்ள வைங்க மேடம், சின்னக் குழந்தையா நீங்க?" ஒல்லிப் பெண்மணி ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்தாள், கையை உள்ளே வைத்தாள். ஆஸ்திரேலியப் பெண் அவளைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தாள்.

வாக்கி டாக்கி கொரகொரத்தது. "என்னடா, அத்தை எப்படி?" என்றான் மானு.

தோங்கா மொழி தன் படகில் இருப்பவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் கெலேபி மனசைக் கொட்டினான். "அத்தையா? தேர் மாதிரி முன்னால போறாங்க. நாந்தான் மாட்டிக்கிட்டேன். என் படகுல ஒரு கருவாடு உக்காந்திருக்குடா. துடுப்புப் போடுதா, தண்ணியத் தடவிக் குடுக்குதான்னே தெரியல. அத்தை மட்டும் வேண்டாம்னு சொல்லட்டும், இந்தக் கடல்லயே குதிச்சிருவேன்."

முன் இருக்கையில் தோள்கள் லேசாகக் குலுங்கின. குளிர்கிறதாக்கும் என்று நினைத்தான். அவள் துடுப்பு ஒரு சொட்டு தெறிக்காமல் தண்ணீரில் இறங்கி ஏறுவதை அவன் கவனிக்கவேயில்லை.

மதியம் ஒரு சின்ன மணல்திட்டில் இறங்கினார்கள். சேம்பு இலையில் கட்டித் தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சி, ஆளுக்கு ஒரு பொட்டலம். அத்தை தன்னுடையதை முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். கெலேபி மண்டியிட்டுத் தன் பொட்டலத்தை நீட்டினான். அதுவும் போயிற்று. இன்னொரு பெருமூச்சு வந்தது. கெலேபி சுற்றுமுற்றும் பார்த்தான். ஒல்லிப் பெண்மணி அப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணை மூடி வாசனை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இது உங்களுக்கு ஒத்துக்காது," என்று அதைப் பிடுங்கினான்.

"ஒத்துக்காதா?"

"தேங்காப்பால். வெளியூர்க்காரங்க வயிறு தாங்காது. இந்தாங்க, வாழப்பழம்."

அந்த மூன்றாவது பொட்டலத்தையும் அத்தை ஆசீர்வதித்து ஏற்றுக்கொண்டார். அத்தை கண்ணில் படாமல் எதையாவது தின்ன வேண்டுமே என்று கெலேபி ஒரு பாறைக்குப் பின்னால் போனான். அங்கே மணலில் ஒல்லிப் பெண்மணி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். கெலேபி பாறையின் மேல் ஏறி வசதியாகக் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, இரண்டு பழத்தை விழுங்கி, தோலை அவள் கையில் கொடுத்துப் பையில் போடச் சொன்னான்.

மூன்று மணிக்குக் குகைக்குள் நுழைந்தார்கள். அந்த நேரத்துக்குத்தான் சாய்ந்த வெயில் வாசல் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். இறங்கின வெளிச்சம் அடியிலுள்ள வெள்ளை மணலில் பட்டுத் திரும்பி மேலே வரும்போது நீலமாகி வரும். கூரை நீலம், சுவர் நீலம், மனிதர்களின் முகம் நீலம். ஆயிரக்கணக்கான பொடிமீன்கள் படகுகளுக்கு அடியில் ஒரே உடம்பாகத் திரும்பின. மேலே இருட்டுக்குள் குருவிகள் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு கூட்டுக்கு வழி தேடின. அத்தையின் விசிறிகூட நின்றுவிட்டது.

ஒல்லிப் பெண்மணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். திரும்பாமலே, மெதுவாகக் கேட்டாள்: "தினமும் வர்றீங்களே, சலிக்காதா?"

"சலிக்கறதா? எனக்கு இன்னமும் பேச்சே வரமாட்டேங்குது மேடம்." பேச்சு வரவில்லை என்று தொடங்கியவன் நிறுத்தவில்லை. "ஃபிஃபிடாகிட்ட நான் இங்கதான் கேட்டேன். அவ சரின்னு ஒரு தடவதான் சொன்னா. இந்தக் குகை நாலு தடவ சொல்லிச்சு."

"அப்புறம் என்ன, கட்டிக்க வேண்டியதுதானே?"

"எங்க அத்தை சொல்லணும்."

"வேண்டாம்னுட்டா?"

கெலேபி துடுப்பை மடியில் வைத்தான். "அப்பா பேச்சைத் தாண்ட மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்ட மாட்டேன். இப்படியே வெளியூர்க்காரங்களையெல்லாம் இந்தக் குகைக்குக் கூட்டிட்டு வந்துக்கிட்டு கிழவனாயிடுவேன்." அவள் களிம்பு பூசிய கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. வாசல் சுருங்கிக்கொண்டே வந்தது. அத்தையோ கண்ணை மூடித் தேவகீதம் பாட ஆரம்பித்திருந்தார். குரல் குகை முழுக்க உருண்டது. அருமையாகத்தான் இருந்தது. நான்கு சரணம் பாடினால் ஆறு பேரும் இரவு முழுக்க அங்கேயே பாட வேண்டியதுதான்.

"மேடம்," என்று கெஞ்சினான் கெலேபி, "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க."

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்."

"பாத்தா அப்படித் தெரியல மேடம்! சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டாள். குகை அதை நான்காக்கியது. பாட்டு நின்றது. "அந்தப் பொண்ணு பாவம், உயிரோட இருக்கறதே பெருசு, கரைக்கு விடுப்பா!" என்று அத்தையே உத்தரவு போட்டார்.

முதல் படகு தப்பித்தது. இரண்டாவதும் தப்பித்தது. கெலேபியின் படகு வாசலுக்கு வந்தபோது உள்சுவரில் மோதித் திரும்பிய ஒரு அலை தூக்கியது. கூரைப் பாறை கத்தி மாதிரி கீழே இறங்கி வந்தது. கெலேபி யோசிக்கவில்லை. முன்னால் பாய்ந்து, ஒல்லிப் பெண்மணியின் தலையை இரண்டு கையாலும் அமுக்கி, அவள்மேல் கவிழ்ந்தான். பாறை அவன் முதுகில் இரண்டு கோடு இழுத்துவிட்டது. படகு வெயிலுக்குள் துள்ளி விழுந்தது.

"தலை பத்திரமா?" என்றான் மூச்சு வாங்க.

"பத்திரம்," என்றாள் அவள். தொப்பி போயிருந்தது. "உன் முதுகு?"

"அது கிடக்கட்டும். அத்தை பாத்தாங்களா, இல்லையா?" என்று தோங்கா மொழியில் தனக்குத்தானே முனகிக்கொண்டான் கெலேபி.

கரையில் அப்பா காத்திருந்தார். மரியாதைக்காக இடுப்பில் பாய் சுற்றி, கையில் பூமாலையோடு, தலையைக் குனிந்து நின்றார். கெலேபி இடுப்பளவு தண்ணீரில் குதித்து முதல் படகைப் பிடித்து, அத்தையைத் தாங்கி இறக்கி, மணலில் மண்டியிட்டு அறிவித்தான்:

"அப்பா, அத்தையப் பத்திரமாக் கொண்டுவந்து சேத்துட்டேன். ஒரு கொறையும் வைக்கல."

அப்பா நிமிர்ந்தார். அந்த அம்மாளை மேலும் கீழும் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள், "ஓ, இதுவும் உண்டா!" என்று அவர் கையிலிருந்த மாலையை வாங்கித் தானே போட்டுக்கொண்டு, அவர் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டு, விசிறியோடு ஹோட்டலைப் பார்த்து நடந்தார்.

"டேய்," என்றார் அப்பா, "யாருடா அது?"

பின்னால், கடைசிப் படகிலிருந்து யார் உதவியும் இல்லாமல் இறங்கியிருந்த ஒல்லிப் பெண்மணி, கடல் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்துக் களிம்பைக் கழுவிக்கொண்டு, பிசிறில்லாத தோங்கா மொழியில் சொன்னாள்:

"தம்பி, கல்யாணத்துக்கு நாள் குறி, ஆனா அன்னைக்கு என் இடத்துல அந்த சமோவாக்காரம்மாவையே உக்கார வை, உன் மகன் பாத்து வச்ச அத்தை அவங்கதான்."