நாதத் தகடு

1989இல் லண்டன் டூட்டிங்கில் யோகராஜாவின் ஒலிப்பெட்டிக் கடை வாசலில் ஞாயிறுதோறும் வரிசை நின்றது. மழைக்கும் கலையாத வரிசை. ஆர்ச்வே முருகனைக் கும்பிட்டவர்கள் ரயிலேறி நேரே இங்கே வந்து இறங்கினார்கள். முருகன் கைவிட்டதை யோகராஜா முடித்துக் கொடுப்பார் என்ற நம்பிக்கை.

அம்ப்ளிபயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் தலையில் வைக்கச் செப்புத்தகடு இங்கே மட்டும்தான். நாற்பத்தெட்டு நாள் பூசையில் இருந்த ‘நாதத் தகடு’. வைத்தால் மறைந்திருக்கும் குரல் வெளியே வருமாம். பெட்டியைச் செய்த ஜப்பான்காரனுக்கு இது தெரியவில்லை, பாவம்.

நானும் வரிசையில் நின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து என் கணவர் பேசி அனுப்பிய கடைசிக் கசெட் கைப்பையில் இருந்தது. “கமலா, ஒண்டு சொல்ல மறந்திட்டன்,” என்கிறார். அதன்பின் இரைச்சல். பிறகு அவரும் இல்லை. அந்த ஒரு வசனத்துக்காக நான் எதையும் வாங்கத் தயாராக இருந்தேன்.

யோகராஜா வீணைக் கசெட் ஒன்றைப் போட்டார். “இது தகடு இல்லாமல்.” தகட்டை வைத்தார். “இப்ப கேளுங்கோ.” வீணை பொங்கியது.

“நரம்பு அதிருறது தெரியுது,” என்றார் எனக்கு முன்னால் நின்ற பாலேந்திரா. வீட்டில் மனைவி கூப்பிடுவது கேட்காத மனிதர்.

“அத்தான்ர குரலும் வரும் அக்கா,” என்றார் என் கதையை முன்பே கேட்டிருந்த யோகராஜா. “ஆத்மாவும் ஒரு ஒலிதானே.”

கைப்பையைத் திறந்தேன். கூட வந்த பியற்றிஸ் என் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது அவள் வேலை.

“அண்ணை, கண் பாத்தால் காது பொய் சொல்லும். எல்லாரும் திரும்பி நில்லுங்கோ. நான் தகட்டை வைச்சுச் சால்வையால மூடுறன். பிறகு நீங்கள் போடுங்கோ.”

“ஓம், தாராளமாய்.”

குமிழ்களை விட்டு மேற்புறத்தை மூடினாள். வீணை முன்னையிலும் அதிகமாகப் பொங்கியது. பாலேந்திரா கண்ணைத் துடைத்தார். “தெய்வீகம்.”

பியற்றிஸ் சால்வையைத் தூக்கினாள். கடதாசியில் சுற்றிய மட்டன் ரோல் ஒன்று இருந்தது. தகடு அவள் கோட்டுப் பையில்.

“ஆட்டுக்கும் பூசை செய்தனீங்களோ அண்ணை?”

யோகராஜாவின் விரல் இன்னும் சத்தத்தைக் கூட்டும் குமிழில் இருந்தது. அவள் அந்த விரலை விலக்கி, குமிழில் ஒரு பிளாஸ்டரை ஒட்டி, நிசமான தகட்டை வைத்து மறுபடி போட்டாள். வீணை இருந்தபடியே இருந்தது.

“சத்தம் கூடினால் எல்லாருக்கும் நல்லாய்த்தான் கேக்கும்,” என்றாள். “எங்கட கிளினிக்குக்கு வாற கிழவரைக் கேளுங்கோ.”

“அப்ப நரம்பு?” என்றார் பாலேந்திரா.

“வீட்டை போய் மனிசியிட்டைக் கேளுங்கோ.”

நான் என் கசெட்டை நீட்டினேன். “அந்த வசனம், பியற்றிஸ்?”

போட்டுக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். “பதியாததை ஒரு பெட்டியாலும் எடுக்க ஏலாது, கமலா.”

நொந்தது. ஆனாலும் அவருடைய இரைச்சலையே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

செத்தவர் குரலைத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அழுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, அவன் விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அழுவதற்கு வாழ்நாள் முழுக்க நேரமிருக்கிறது.