நான் கீறாத இடது கண்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபது. ஓமந்தையில் சுகந்தியின் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது சுவரில் புதிதாக அடித்திருந்த ஓர் ஆணி. நான் கொண்டுபோன படத்துக்காக அடித்தது.

அந்த நாட்களில் என் சோம்பேறித்தனத்தை நான் தொழில்நுட்பம் என்று நம்பியிருந்தேன். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

சுகந்தியை நான் கட்டுவதற்கு அவளுடைய அப்பா சம்மதிக்க வேண்டும். "பொடியன் என்ன செய்யிறான்?" என்று கேட்டிருக்கிறார். "கொம்பியூட்டரிலை படம் கீறுறார்" என்றிருக்கிறாள். "அப்ப என்னைக் கீறிக்கொண்டு வரச்சொல்லு, பாப்பம்." (நேர்முகத்தேர்வு என்ற சொல்லை மட்டும் அவர் பாவிக்கவில்லை.)

நான் அப்போது கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பூக்கொடி வரைந்துகொண்டிருந்தேன். நிஜ முகம் வரைவதை இணையக் காணொளிகளைப் பார்த்து ஆறு வாரமாகப் பழகிவந்தேன். புகைப்படத்தின் மேல் புள்ளிகள் வைத்து, கோடிழுத்து, ஒவ்வொரு நிழலையும் தனி வடிவமாக்கி நிறம் நிரப்ப வேண்டும். மூக்குக்கே நாற்பது வடிவங்கள். கண் அதைவிடக் கொடுமை.

சுகந்தி அனுப்பிய புகைப்படத்தில் அப்பாவின் இடது கண் நிழலில் கிடந்தது, சிவந்தும் இருந்தது. வலது கண் ஒரு நரம்புகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அதை வரைந்தேன். பிறகு அதையே பிரதியெடுத்து, இடம்வலம் திருப்பி, மற்றப் பக்கம் ஒட்டினேன். ஒரு நிமிட வேலை. (என் கெட்டித்தனத்தை மெச்சி அன்று இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன்.)

ஐயா (சுகந்தியின் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டேன்) கதிரையில் இருந்து படத்தைப் பார்த்தார். எழுந்து யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சுகந்தியின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

"தம்பி, எந்தக் கண்ணைப் பாத்துக் கீறினீர்?"

"வலது கண், ஐயா. அதுதான் நல்ல வடிவாய் இருந்தது."

அவர் நகத்தால் தன் வலது கண்ணைத் தட்டினார். டிக் என்றது.

"இது வைச்ச கண்."

போர்க்காலத்தில் ஷெல் குண்டின் துண்டு பட்டுப் போன கண்ணுக்குப் பதிலாகப் பொருத்தியதாம். நான் சுகந்தியைப் பார்த்தேன். "எங்களுக்கு அது ஞாபகமே வாறேல்லை" என்றாள் மெதுவாக.

"அப்ப மற்றக் கண்?" என்றார் ஐயா.

பொய் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. "அதைக் கீறேல்லை, ஐயா. இதையே திருப்பி ஒட்டினனான்."

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஷெல் ஒண்டைத்தான் எடுத்தது. நீர் மிச்சத்தையும் எடுத்துப்போட்டீர்!"

குசினிக்குள் அம்மா வெடித்துச் சிரித்தா. அதன்பிறகு ஐயாவும் அடக்கவில்லை. நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்ட உடனை ஒத்துக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாத பொடியன். தேத்தண்ணி குடு, பிள்ளை. கலியாணத்துக்கு நாள் பாப்பம்" என்றார்.

படத்தைத் திருத்தித் தருகிறேன் என்றேன். ஐயா விடவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் ஒற்றைச் செருப்பையோ ஒரு பக்கத் தோட்டையோ காணாவிட்டால் மாமா (ஐயா மாமாவாகி ஆறு வருடம்) சொல்வார்: "தேடாதேங்கோ. இருக்கிறதை மருமகனிட்டைக் குடுங்கோ, திருப்பி ஒட்டித் தருவார்."

இப்போது இரண்டு கண்களையும் தனித்தனியாகவே வரைகிறேன். ஒரு கண்ணுக்கு இரண்டு மணித்தியாலம் எடுக்கிறது.