அமெரிக்காவுக்கு ஒரு வெள்ளோட்டம்

ஜம்புநாதன் போவன்பள்ளி மார்க்கெட்டில் காலிஃபிளவர் மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தபோது, ஊரறிய அவர் அமெரிக்காவில் இருந்தார்.

மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் லலிதாம்பாள் தக்காளியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைனிக்புரியில் அவர் தெருவிலேயே நாலாவது வீடு. முந்தாநாள்தான் ஒரு டப்பா முறுக்கைக் கொடுத்து, கண்கலங்கி அவரை வழியனுப்பி வைத்தவள்.

"ஏம் காவாலி சார்?" என்ன வேண்டுமென்று காலிஃபிளவர்க்காரர் தெலுங்கில் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

ஜம்புநாதன் உதட்டில் விரலை வைத்தார். கடைக்காரர் வாயை அடைக்க ஒரு மூட்டையையே விலைக்கு வாங்கி, தோளில் தூக்கி, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அறுபத்தோரு வயதில் அந்த வேகம் யாருக்கும் வராது.

விஷயம் இதுதான். மகள் ரஷ்மி டல்லஸில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளை சந்தீப்பும் வேலைக்குப் போகிறவர்கள். பெண் குழந்தைக்கு ஒரு வயது. "வருஷத்துல ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்கன்னு இருங்கோ" என்று ரஷ்மி கெஞ்சிக் கூத்தாடி, விசாவும் கைக்கு வந்துவிட்டது. டிக்கெட்தான் பாக்கி. ஜம்புநாதன் அதில் பிடிவாதமாக நின்றார்.

"ஆறு மாசம் பூட்டின வீடு என்னாகும்னு தெரியாம நான் விமானத்துல கால வைக்க மாட்டேன்."

முப்பத்துநாலு வருஷம் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஒரு திருகாணியைக்கூடச் சோதிக்காமல் வெளியே விட்டதில்லை. ஆகவே ஒரு வெள்ளோட்டம் என்று முடிவு செய்தார். வீட்டைப் பூட்டிவிட்டு, அமெரிக்கா போய்விட்டதாகச் சொல்லிவிட்டு, நீலாவின் அக்கா பெண் ஹம்ஸினியின் ஃப்ளாட்டில் பத்து நாள் ஒளிந்திருப்பது. வீடு தாக்குப் பிடித்தால் டிக்கெட். பிடிக்காவிட்டால் அமெரிக்கா கிடையாது.

"நம்மளத் தவிர ஹம்ஸினிக்கும் ரஷ்மிக்கும் மட்டும் தெரிஞ்சாப் போறும்" என்றார் மனைவியிடம். "சோதனைன்னு தெரிஞ்சா எதுவும் ஒழுங்கா நடந்துக்கும். அப்புறம் அந்த முடிவுக்கு என்ன மதிப்பு?"

நீலா ஒரு நிமிஷம் யோசித்தாள். "ரொம்ப சரி. நான் இன்னிக்கே ஹம்ஸினிகிட்டப் பேசிடறேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட எந்தத் திட்டத்தையும் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

உள்ளதைச் சொன்னால், அவர் செய்த ஏற்பாடு லேசுப்பட்டதல்ல. ஃபிரிட்ஜைக் காலி செய்து, வாடை அடிக்காமலிருக்க மடித்த பேப்பரைக் கதவிடுக்கில் சொருகினார். காஸ் ரெகுலேட்டரைக் கழற்றினார். ஸ்கூட்டர் பேட்டரியின் ஒயரைப் பிடுங்கினார். கரண்ட் பில்லை வங்கியே கட்டும்; தபாலெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகும். இரத்த அழுத்த மாத்திரை ஆறு மாதத்துக்கு, டாக்டர் சீட்டோடு. நவம்பரில் பென்ஷனுக்காக 'உயிரோடு இருக்கிறேன்' என்று வங்கியில் நேரில் போய் நிற்க வேண்டுமென்பதால், திரும்பி வரும் மாதம் அக்டோபர் என்றுகூடக் குறித்துவிட்டார். எல்லாம் ஒரு நீல ஃபைலில். அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

சாவி பக்கத்து வீட்டு ஏனோக்கிடம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவரே தன் மாருதி வேனில் பேகம்பேட் விமான நிலையம் வரை கொண்டுவிட்டு, சல்யூட் அடித்துவிட்டுப் போனார். வேன் மறைந்ததும் ஜம்புநாதனும் நீலாவும் நாலு பெட்டிகளோடு ஆட்டோ பிடித்து போவன்பள்ளி வந்து சேர்ந்தார்கள். அமெரிக்கா போய்ச் சேர மொத்தம் இருபது நிமிஷம்.

லலிதாம்பாளைப் பார்த்தபின் வெளியே தலைகாட்ட முடியாமல் போயிற்று. சைனிக்புரியில் பாதிப் பேர் காய்கறிக்கு இங்கேதான் வருகிறார்கள். ஃப்ளாட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"நீலா, காப்பி!" என்று ஹாலில் உட்கார்ந்து ஒரு குரல் விட்டார்.

ஹம்ஸினி அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். காதில் ஹெட்போன். "சித்தப்பா, ப்ளீஸ், கிளையன்ட் கால்ல இருக்கேன். நீங்க காப்பி கேட்டது சிகாகோ வரைக்கும் கேட்டுது."

"சித்தி எங்கே?"

"மொட்டை மாடில வாக்கிங். பொடி அலமாரில இருக்கு. நீங்களே கலந்துக்கோங்கோ."

டிகாக்ஷன் கிடையாது, வெந்நீரில் கரைக்கிற பொடி. ஜம்புநாதன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காப்பியைத் தானே கலந்தார். அது காப்பி மாதிரி இல்லை. ஆனாலும் குடித்தார்.

குடித்த டம்ளரை மேஜையில் வைத்தார். சாயங்காலமும் அது அங்கேயே இருந்தது.

"வேலைக்காரம்மா ஊருக்குப் போயிட்டா. பத்து நாளாகும் வர" என்றாள் நீலா.

"அப்போ நீ?"

"எனக்கு முழங்கால் வலி. இதோ பாருங்கோன்னா, அந்தக் காலிஃபிளவர் மூட்டையும் அழுகறதுக்குள்ள யாராவது நறுக்கணும். வாங்கினவா நறுக்கினா நியாயம்."

வெளியே போனால் லலிதாம்பாள், உள்ளே இருந்தால் காலிஃபிளவர். அவர் நறுக்கினார். பொரியல், குருமா, பஜ்ஜி. மூன்றாம் நாள் ஹம்ஸினியின் ஆறு வயது மகள் மைத்ரி தட்டைப் பார்த்து, மறுபடியும் காலிஃபிளவரா, வேண்டாம் என்று தெலுங்கில் உதட்டைப் பிதுக்கினாள். "மள்ளீ கோபியா தாத்தா? நாகு ஒத்து!"

அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் உள்ளறையில் சிகாகோ பேசிக்கொண்டிருந்தது. கோபத்தை முழுங்கிவிட்டு அவளுக்கு ஒரு தோசை வார்த்தார். அது வட்டமாகவே வந்தது. நீலா மூலையில் உட்கார்ந்து சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்ரீராமஜயம் எழுதுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஏனோக்குக்குப் போன் போட்டார். ரிசீவரைக் கைக்குட்டையால் மூடி, வெளிநாட்டு அழைப்பு போலவே ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு விநாடி தாமதித்தார்.

"வீடு எப்படி இருக்கு ஏனோக்?"

"ஃபஸ்ட் கிளாஸ் சார். பேப்பர்க்காரன் நிறுத்தச் சொல்லியும் போடறான், நான் பொறுக்கிடறேன். தினம் உங்க துண்டு ஒண்ண நனைச்சு கொடில போடறேன். வீட்ல ஆளு கீதுன்னு நெனைக்கணும்ல?"

ஜம்புநாதன் மெய்சிலிர்த்தார். இந்தத் துண்டு யோசனை நீல ஃபைலில்கூட இல்லை. இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்போது பார்த்து ஜன்னலுக்குக் கீழே தள்ளுவண்டிக்காரர், "உல்லிகட்டலூ!" என்று முழங்கினார்.

"இன்னா சார், அமெரிக்காவுல வெங்காயம் தெருவுல விக்கறானா?"

"டி... டிவி ஏனோக். தெலுங்கு சேனல்."

"அச்சா. சார், ஒரு நல்ல சேதி. எங்க சித்தி பையன் ஜோசியா டல்லஸ்லதான் கீறான். உங்க பொண்ணு அட்ரஸக் குடுத்துட்டேன். சனிக்கிழமை உங்களப் பாக்க வரான்."

இரண்டு விநாடி தாமதம் இப்போது தானாகவே வந்தது. "வேண்டாம் ஏனோக்! எனக்கு... ஜுரம்."

"ஜுரமா! கைக்கு, ஏன் சொல்லவே இல்ல? நக்கோ, பயப்படாதீங்க சார், நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கதை காலனி முழுக்கப் பரவியது. லலிதாம்பாள் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்தாள். ஏனோக்கின் சர்ச்சில் ஜம்புநாதன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். ஜோசியா சனிக்கிழமை வரை காத்திருக்காமல், மறுநாளே சுடச்சுடச் சிக்கன் சூப்போடு ரஷ்மி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

என்னாயிற்றோ என்று ஜம்புநாதன் மகளுக்குப் போன் செய்தார்.

"சமாளிச்சுட்டேன்ப்பா" என்றாள் ரஷ்மி. "அப்பா மாத்திரை போட்டுண்டு தூங்கறார், நாங்க சைவம்னு சொல்லி அனுப்பிச்சேன். பாவம், அடுத்த வாரம் ரசம் வச்சுக் கொண்டு வரேன்னுட்டுப் போயிருக்கார்."

ரிசீவரை வைத்துவிட்டு நீலாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "முகத்துல ஒண்ணும் காட்டிக்காம என்னமா நடிச்சிருக்கா! என் பொண்ணாச்சே."

"எனக்கும் பொண்ணுதானே" என்றாள் நீலா.

எட்டாம் நாள் மைத்ரியின் ஸ்கூல் வேன் வரவில்லை. ஹம்ஸினியும் அவள் கணவனும் ஆபீஸ் போய்விட்டார்கள். நீலாவுக்கு முழங்கால். ஜம்புநாதன் மார்ச் வெயிலில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, மைத்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஸ்கூல் வாசலில் டீச்சர் யாரென்று கேட்டாள்.

"மை தாத்தா, மிஸ்" என்றாள் மைத்ரி கணீரென்று. "ஹீ ஈஸ் இன் அமெரிக்கா."

டீச்சர் குல்லாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

ஆனால் அன்று மத்தியானம் ஒன்று நடந்தது. ஸ்கூல் விட்டு வந்த மைத்ரி அவர் மடியில் தலையை வைத்து அப்படியே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போன பிறகும் அவர் அசையவில்லை. டல்லஸில் ஒரு குழந்தை இருக்கிறது; அதை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அதற்கும் இப்படி ஒரு மடி வேண்டாமா? போக வேண்டும் என்று முதல்முறையாக அவருக்கு ஆசை வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. வீடு மட்டும் பெயிலாகிவிடக் கூடாதே என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தார். மூடிய கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தார். ஹம்ஸினியின் கணவன் எட்டு மணிக்கு எழுந்து வந்ததைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பத்தாம் நாள் காலை ஏனோக்குக்குக் கடைசிப் போன். ஜுரம் போய்விட்டது என்றார் இவர்; வீடு ஜம்மென்று இருக்கிறது, துளசி துளிர்விட்டிருக்கிறது என்றார் அவர். ஜம்புநாதன் நீல ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'வீடு தேறியது. பயணத்துக்கு அனுமதி வழங்கப்படுகிறது.' கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

நீலா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் வந்ததும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'போனாப் போறது, உனக்காக ஒத்துக்கறேன்' என்று ஆரம்பிக்கலாம். கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்கும்.

போன் அடித்தது. எடுத்தார். அவர் 'ஹலோ' என்பதற்குள் அந்தப் பக்கமிருந்து ரஷ்மி படபடவென்று கொட்டினாள்:

"அம்மா, டிராவல் ஏஜென்ட் இன்னொரு லைன்ல காத்துண்டிருக்கார், சட்டுனு சொல்லு. பத்து நாள் ஆச்சே, அப்பா தேறினாரா இல்லையா? டிக்கெட் ரெண்டா, ஒண்ணா?"