காற்றைச் சரிசமமாகப் பங்கு வைத்தவன்

தெரியாத வேலையைச் செய்கிறவன் பயத்தில் கவனமாக இருப்பான். நன்றாகத் தெரிந்தவன் பழக்கத்தில் கவனமாக இருப்பான். அரைகுறையாகத் தெரிந்த வேலையை, அதுவும் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் நின்று செய்கிறவன் இருக்கிறானே, அவன் கையில் ஒரு திருப்புளியைக்கூடக் கொடுக்கக் கூடாது. எனக்கோ ஏணி, டிரில், தகரம் வெட்டும் கத்தரி எல்லாவற்றையும் கொடுத்து, ஒரு முழு ஹோலையும் ஒப்படைத்தார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, மொன்றியல். சூடாக்கி, குளிரூட்டி பூட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பழகி, அப்போதுதான் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் இருந்தேன். (பக்கத்தில் மாதாவின் படம். மாதா கொஞ்சம் சின்னன்.)

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைக்கவும் கூத்துப் போடவும் ஒரு ஹோல் இருந்தது. கீழே பழக்கடை, மேலே ஹோல். அதைப் பொறுப்பாகப் பார்த்தவர் மன்னாரைச் சேர்ந்த சூசைப்பிள்ளை அங்கிள். வேலை, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குவது. ஆனால் ஆளை ஊருக்குத் தெரிந்தது ராசாவாகத்தான். தவக்காலக் கூத்தில் எந்தக் கதை என்றாலும் ராசா வேஷம் அவருக்கு. வேறு எவரும் கேட்கவும் துணியமாட்டார்கள். அவருடைய மகள் ரெஜினா. நானும் ரெஜினாவும் கலியாணம் செய்வதென்று எங்களுக்குள் தீர்மானித்துவிட்டோம். ராசாவின் தீர்ப்பு ஒன்றுதான் பாக்கி.

வாயைத் திறந்து கேட்டேன். அவர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"தம்பி, கைவசம் தொழில் இருக்கெண்டு சொல்லுறீர். ஹோலிலை ஹீற்றிங் செத்துப்போய்க் கிடக்கு. கூத்துக்கு முதல் அதைச் சரிப்பண்ணிக் காட்டும். பேந்து கதைப்பம்."

எங்கள் கம்பெனிக்கே அந்த வேலை வந்தது. என் முதலாளி ஜில், கெபெக் பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர், கிரேன் பிடித்துப் புதிய பெட்டியைக் கூரையில் இறக்கினார். குளிர்காலத்தில் காஸ் எரித்துச் சூடாக்கும், கோடையில் குளிராக்கும், இரண்டுக்கும் ஒரே விசிறி. அப்படி ஒரு பெட்டி. காஸ் குழாயும் கரண்டும் அவரே கொடுத்தார். மிச்சம் இருந்தது காற்றை அளந்து சரிசெய்யும் வேலை. அடுத்த நாள் வந்து தானே செய்வதாக ஜில் சொன்னார். எங்கள் ஆட்களின் ஹோல், நானே செய்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டேன். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: காற்று பெட்டிக்குத் திரும்பி வரும் வழியில் மட்டும் கை வைக்காதே, அங்கே குறைபாடு இருந்தால் எனக்கு ஃபோன் பண்ணு.

நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தலையாட்டல் நன்றாக வரும்.

காற்றை அளக்க எங்களிடம் ஒரு சாமான் உண்டு. துணியால் செய்த பெரிய கூடு, அடியில் ஒரு மீற்றர். கூரையில் காற்று வரும் ஒவ்வொரு வாய்க்கும் அதைத் தூக்கிப் பிடித்தால் எவ்வளவு காற்று வருகிறது என்று காட்டும். முதலில் பார்த்தபோது மேடைக்குப் பக்கத்தில் தலைமயிர் பறக்கும் அளவுக்கு அடித்தது, பின் வரிசையில் ஒரு மூச்சும் இல்லை. நான் விசிறியின் பெல்ற்றை இறுக்கி, குழாய்களுக்குள் இருக்கும் தகட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, துணிக்கூட்டைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு ஹோல் முழுக்க நடந்தேன். சூசைப்பிள்ளை அங்கிள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"என்ன தம்பி செய்யிறீர்?"

"காத்தைப் பங்கு வைக்கிறன் அங்கிள். முன்னுக்கு இருக்கிறவைக்கும் பின்னுக்கு இருக்கிறவைக்கும் ஒரே அளவு. ஆள் பாத்து வீசாது."

"கடைசி மூலையிலை இருக்கிறவனுக்கும்?"

"அவருக்கும் அதே காத்துத்தான் அங்கிள்."

ராசா தாடையைத் தடவினார். எனக்கு உள்ளுக்குள் நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கூரையில் பெட்டி நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. காரணம் எனக்கு உடனே விளங்கியது. ஹோலுக்குள் போகும் காற்று பெட்டிக்குத் திரும்பி வரப் போதிய வழி இல்லை. காற்று வராமல் பெட்டி உள்ளே கொதித்து, தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ஜில் சொன்ன அதே இடம். ஃபோன் எடுத்திருக்க வேண்டும்.

"என்ன, நிண்டிட்டுது போல?" என்றார் அங்கிள்.

மாமனாராக வரப்போகிறவருக்கு முன்னால் முதலாளிக்கு ஃபோன் எடுத்து "ஐயா, எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், மேடைக்குப் பின்னால் இருந்த நடைபாதையின் கூரையில் அளந்து ஒரு ஓட்டை வெட்டினேன். அதைத் திரும்பும் குழாயோடு தகரம் வைத்து இணைத்தேன். நடைபாதையின் மறுமுனையில் குசினி. கதவுகூட இல்லை, ஒரு மணித்திரை மட்டும் தொங்கியது. அதனால் என்ன? அங்கே யார் சமைக்கிறார்கள்? ஹோலுக்குச் சாப்பாடு எப்போதும் வெளியிலிருந்து அலுமினியத் தட்டுகளில்தான் வரும். (நான் எவ்வளவு யோசித்து வேலை செய்கிறவன் என்பதற்காகச் சொல்கிறேன்.)

பெட்டி நிற்கவே இல்லை. எல்லா வாய்களிலும் ஒரே அளவு காற்று. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானில் கண்டவர்களும் கை வைக்காதபடி அதன் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி பூட்டி, திறப்பை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. ரெஜினாவின் தாய் திரேசம்மா அன்ரி தேத்தண்ணியோடு வந்தார்.

"தம்பி, முந்தி இந்தக் குசினியிலை ஒரு முட்டை பொரிச்சாலே மேடை வரைக்கும் மணக்கும். இப்ப எப்பிடி?"

"முட்டையோ? அன்ரி, இப்ப நீங்கள் இதுக்குள்ளை செத்தல் மிளகாயே வறுக்கலாம். குசினியிலை ஒருத்தருக்கும் ஒரு தும்மல் வராது."

ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனால் அன்ரியின் மனப்புண் எனக்குத் தெரியாது. நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர்களுடைய அப்பார்ட்மெண்டில் ஒருநாள் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்து, அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, கட்டடத்துச் சனமெல்லாம் வீட்டுச் செருப்போடு பனிக்குள் நின்றிருக்கிறார்கள். அதிலிருந்து அன்ரி வீட்டில் தூள் வறுப்பதில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் மச்சாள் அனுப்பும் தூள்தான். மச்சாள் அதை அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஃபோன் எடுத்து, "உங்களுக்குத்தான் அங்கை வசதி இல்லையே" என்று அனுதாபம் சொல்லுவாவாம்.

கூத்து நாள் வந்தது. மார்ச் மாதம், வெளியே நல்ல குளிர், உள்ளே ஹோல் நிறைந்த சனம், இதமான சூடு. முன் வரிசையில் மன்னாரிலிருந்து வந்திருந்த ஒரு ஃபாதர். எனக்குக் கோட்டுக்குள் வேர்த்தது. அதைக் குசினியில் கொழுவிவிட்டு வந்து பின் சுவரோடு நின்றேன். பக்கத்தில் ரெஜினா. திரேசம்மா அன்ரியும் இன்னும் நாலைந்து பெண்களும் பெரிய தாச்சியும் மூட்டையுமாக நடைபாதைப் பக்கம் போனதைக் கண்டேன். தேத்தண்ணி ஊற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன். தேத்தண்ணிக்கு எதற்கு வறுக்கிற தாச்சி என்று யோசிக்கவில்லை.

கதை ஒரு வேதசாட்சியைப் பற்றியது. விசுவாசத்தை மறுதலிக்காத குற்றத்துக்காக ராசா அவனை நெருப்பில் போடச் சொல்லும் கட்டம். மட்டைக் கிரீடம், கம்பளித் தாடி, வாள் சகிதம் சூசைப்பிள்ளை அங்கிள் மேடைக்கு வந்து, அந்த நீண்ட பாட்டை எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, ஹோல் அதிர்ந்தது.

முன் வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அதே நேரம் கடைசி வரிசையில் ஒரு ஐயா துடைத்தார். இடது மூலையில் துடைத்தார்கள், வலது மூலையில் துடைத்தார்கள். கூத்தைப் பழக்கி, மத்தளமும் அடித்த அண்ணாவியார் சனத்தைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். தன் கூத்துக்கு ஒரு ஹோலே அழுவதை அவர் அதுவரை கண்டதில்லை. எனக்கும் நெஞ்சு உருகிக் கண்ணீர் வந்தது. பிறகு மூக்கும் ஒழுகியது. பிறகு இருமல் வந்தது. எனக்கு மட்டும் இல்லை.

காற்றைச் சரியாகப் பங்கு வைக்காத ஒரு ஹோலில் இது நடந்திருந்தால், முதலில் ஒரு மூலைக்கு வந்திருக்கும், மற்றவர்கள் எழும்பி ஓடியிருப்பார்கள். என் ஹோலில் அந்தச் சலுகை ஒருவருக்கும் இல்லை. நாலு மூலையிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இருமினார்கள்.

"என்ன செய்தனீங்கள்?" என்றாள் ரெஜினா, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யாமலோ இவ்வளவு சனமும் அழுகுது?"

மூக்கில் ஏறியது செத்தல் மிளகாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியை நிறுத்த ஓடினேன். கண்ணாடிப் பெட்டி பூட்டியிருந்தது. திறப்பு கோட்டில். கோட்டு குசினியில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மணித்திரையை விலக்கினேன். குசினிக்குள் காற்று, காலைக் கோயில் போல அவ்வளவு சுத்தம். பெண்கள் தாச்சியைச் சுற்றி நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டு, செத்தல் மிளகாயைப் பொறுமையாகப் பிரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, உம்மடை வாய்க்குச் சக்கரைதான் போடவேணும்," என்றார் திரேசம்மா அன்ரி. "இவ்வளவு வறுத்தும் ஒரு தும்மல் இல்லை. மல்லியும் இப்பவே வறுக்கப் போறன்."

நான் மேலே பார்த்தேன். தாச்சியிலிருந்து எழுந்த புகை ஒரு துளியும் சிந்தாமல், திரைக்கு மேலால் வளைந்து, நடைபாதை வழியே போய், நான் வெட்டிய ஓட்டைக்குள் வரிசையாக ஏறியது. காற்றோட்டத்தை அதுவரை பாடப்புத்தகத்தில் அம்புக்குறியாகத்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் கண்ணால் கண்டேன். உண்மையைச் சொன்னால், மிக அழகாக இருந்தது.

"அன்ரி, அடுப்பை நிப்பாட்டுங்கோ," என்றேன்.

"ஏன், கருகுதோ?"

கோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மேடையில் ராசா இன்னும் பாடிக்கொண்டிருந்தார். எடுத்த பாட்டை ராசா இடையில் விடுவதில்லை. அது அவருடைய கொள்கை. கண் இரண்டும் கோவைப்பழம். கம்பத்தில் கட்டியிருந்த வேதசாட்சி, தன்னை அவிழ்த்துவிடும்படி சேவகனிடம் மெல்லக் கெஞ்சினான். சேவகன் வாளில் சாய்ந்து இருமினான். நான் பூட்டைத் திறந்து பெட்டியை அணைத்த அதே கணம், பாட்டின் உச்சியில் ராசாவின் குரல் போனது. போனது என்றால் போனதுதான். அவர் வாளை உயர்த்தி, மிச்சத் தீர்ப்பைச் சைகையில் சொல்லி முடித்தார்.

கதவுகளைத் திறந்துவிட்டோம். மார்ச் மாதக் காற்று உள்ளே வந்து, அழுதவர்களை நடுங்கவும் வைத்தது. இவன் கதை முடிந்தது என்பதுபோல ரெஜினா என்னைப் பார்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடிவில் ஃபாதர் மேடைக்கு ஏறினார். அவர் குரலும் கரகரத்திருந்தது.

"நான் எத்தினையோ கூத்துப் பாத்திருக்கிறன். ஒரு வேதசாட்சிக்காக ஹோலிலை இருந்த அத்தினை பேரும் அழுததை இண்டைக்குத்தான் பாத்தன். எங்கடை ராசாவுக்குத்தான் அந்தப் பெருமை."

கைதட்டலும் இருமலும் சேர்ந்து எழுந்தன. சூசைப்பிள்ளை அங்கிள் மேடையில் நின்று என்னைத் தேடிப் பார்த்தார். மிளகாய் என்று சொன்னால் அழுகை அவருடையது இல்லை. சொல்லாவிட்டால் என்னைத் திட்ட வழி இல்லை. ராசா கையைக் கூப்பி, பெருமையை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் ஜில் வந்து என் ஓட்டையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கோயிலில் உள்ள பீடம், பாத்திரம், நற்கருணை எல்லாவற்றின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். (கெபெக்கில் திட்டுவதென்றால் அப்படித்தான்.) பிறகு அதை அடைத்து, ஹோல் சுவரிலேயே பெரிதாக ஒரு வழி திறந்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை.

பின்னேரம் ரெஜினா வீட்டுக்குத் தீர்ப்புக் கேட்கப் போனேன். கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு, மல்லித்தண்ணிக் கோப்பையோடு அங்கிள் கதிரையில் இருந்தார். குரல் இன்னும் வரவில்லை. மேசையில் திரேசம்மா அன்ரியின் கறித்தூள், போத்தல் போத்தலாக, செக்கச் செவேலென்று. அதில் ஒன்று ரொறொன்ரோ மச்சாளுக்கு.

"இந்தப் பிள்ளையைத்தான் ரெஜினாவுக்குச் செய்யிறது," என்றார் அன்ரி கணவனைப் பார்த்து. "குசினிக் காத்தை விளங்கின மாப்பிளை வேறை எங்கை கிடைக்கும்? மறுப்பு ஏதும் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ."

அங்கிள் எழுந்து நின்றார். விரலை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். பெரிய இருமல் ஒன்று வந்தது.

"ஓமாம்," என்றார் அன்ரி.

அங்கிள் தலையையும் கையையும் ஆட்டி இன்னும் பலமாக இருமினார்.

"அவருக்குச் சரியான சந்தோசம். தம்பி, நீர் இரும், தேத்தண்ணி போடுறன்."

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இருமல் என்றால் சம்மதம். யாராவது ஒருவருக்குப் புரையேறினால் போதும், "ஓமாம்" என்று நாலு பக்கமும் குரல் வரும். அங்கிள் (இப்போது எனக்கு மாமா, அன்ரி மாமி) உயிர் உள்ளவரை பாடுகிற மனிதர், அவருடைய குரல் ஒரு கிழமையில் திரும்பிவிட்டது. ஆனால் அதற்குள் கோயிலில் கலியாணத்துக்கு எங்கள் பெயர் கொடுத்தாகிவிட்டது.

போன மாதம் எல்லோரும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் மகள், பதினெட்டு வயது, திடீரென்று கேட்டாள்: "அப்பா, என்னோடை படிக்கிற ஒரு பெடியனை ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

என் வாயில் மாமியின் தூளில் வைத்த மீன்குழம்பு. யார், எந்தப் பெடியன், என்ன படிக்கிறான் என்று கேட்க நினைத்தேன். புரையேறியது.

"மெர்சி, அப்பா," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

"ஓமாம்," என்றார் மாமி.

எதிரே இருந்த மாமா சோற்றை நிதானமாகப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் காத்திருந்த மனிதர்.

"இப்ப விளங்குதோ தம்பி, எனக்கு அண்டைக்கு எப்பிடி இருந்திருக்குமெண்டு?"

விளங்குகிறது மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்னொரு இருமல்தான் வந்தது. பெடியன் அதற்கடுத்த ஞாயிறும் வருகிறானாம்.