விசைப்படகின் வலது கை

ஒரு நொடியை மிச்சம் பிடிக்க ஒரு வாரத்தைச் செலவழிக்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் தூத்துக்குடியில் பிறந்து, படித்து, வேலை தேடி, நேராக என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

மில்லர்புரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஏஜெண்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். மற்றவர்கள் எழுதுவார்கள்; அதில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் நீளமானது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கீபோர்டில் அவர் கை வைத்தால், மீன்பிடித் துறைமுகத்தில் எல்லாப் படகும் ஒன்றாக எஞ்சினைப் போட்டதுபோல் சத்தம் வரும். அதனால் விசைப்படகு. வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் அவருக்கும் அந்தப் பெயரில் ஒரு பெருமை.

மவுஸ் என்றால் அவருக்கு ஆகாது. நான் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் என் மவுஸ் மேஜை டிராயருக்குள் கிடக்கும்.

"கையை இங்கனருந்து தூக்கி அங்கன வைக்கணும், திரும்ப அங்கனருந்து இங்கன கொண்டாரணும். ஆயுசுல பாதி இதுலயே போயிருமேலே!" என்பார்.

நாங்கள் நிரல் எழுதும் எடிட்டரில் ப்ளகின் என்று சின்னச் சின்ன ஒட்டு வேலைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ப்ளகின், இரண்டு எழுத்தை அடித்தால் பத்து வரி தாண்டிக் குதிக்கும். இன்னொன்று, சுருக்கமாக ஒன்றை அடித்தால் அதை ஒரு பத்தியாக விரித்துக் கொடுக்கும். எல்லாமே வேலையைச் சீக்கிரம் முடிக்கத்தான். ஆனால் எது அதிகச் சீக்கிரம் என்று பார்ப்பதையே விசைப்படகு வேலையாக வைத்துக்கொண்டார். ஒரே கோப்பை இரண்டு ப்ளகினில் மாற்றி மாற்றித் திருத்திப் பார்ப்பார். எங்களையும் திருத்தச் சொல்லி, பின்னால் நின்று பந்தயம் பார்ப்பதுபோல் கத்துவார்.

அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் அவரே பெயரும் வைத்தார். குதிக்கிற ப்ளகின்களில் அவருக்கு உயிரானது 'துள்ளி'. அதற்குப் போட்டியாக, துடுப்புப் படகுபோல் நிதானமாகப் போகும் ஒன்று 'வள்ளம்'.

"வள்ளத்தை எவம்லே வச்சிருப்பான்? எங்க போகணும், எப்படிப் போகணும்னு ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டுல்லா போகுது. துள்ளியைப் பாரு, நெனச்ச இடத்துல நிக்கும்."

அண்ணாச்சி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "ஏலே, எது வேகம்னு பாக்கதுலயே பொழுது போயிருது. வேலையை எப்பம்லே பாப்ப?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி, சீக்கிரம் பாக்கதுக்கு வழி தேடுதேன்."

அண்ணாச்சியையும் அவர் விடவில்லை. கடிதங்களைக்கூட அதே எடிட்டரில் எழுத வைத்து, தம்மிடம் இருந்த சுருக்கெழுத்துகளை எல்லாம் அவர் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார். அண்ணாச்சி ஒரு லாரி கம்பெனிக்காரருக்கு நன்றி சொல்லி முடிக்க மூன்று எழுத்தை அடித்தார். அந்த மூன்று எழுத்து விசைப்படகின் அகராதியில் வேறு ஒன்று. அரைப் பக்கத்துக்கு நிரல் விரிந்தது. கண்ணாடி போடாத அண்ணாச்சி அப்படியே அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் போன் வந்தது.

"என்னவே, லாரியும் அனுப்பிச்சு, லோடும் இறக்கிக் குடுத்திருக்கேன். ஒரு வார்த்தை நன்றின்னு போட மனசு வரல, பிராக்கெட்டா போட்டு அனுப்பியிருக்கீரு? திட்டுதீரா?"

அதன் பிறகும் விசைப்படகு அடங்கவில்லை. டீக்கடையில் போய் "மூசீ" என்றார். மூன்று டீ, ஒன்று சீனி இல்லாமல் என்று மாஸ்டர் தாமாக விரித்துக்கொள்ள வேண்டுமாம். மாஸ்டர் பாய்லரைத் துடைத்தபடியே, "வாயைத் தொறந்து முழுசாச் சொன்னா டீ. இல்லேன்னா வெந்நி" என்றுவிட்டார்.

இப்படியே சிரித்துக்கொண்டிருந்திருப்போம். ஆனால் அந்த ஆண்டு மழைக்காலத்தில் இசக்கி ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள்.

இசக்கி ஏரல் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் நெல் வயல். அலுவலகத்திலேயே சுத்தமாக நிரல் எழுதுகிறவள் அவள்தான். நான் மாதக்கணக்கில் முட்டி மோதியும் அவள் எழுதியதில் ஒரு தப்புக் கிடைக்காது. விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கி, நரம்பும் போயிற்று. எலும்பு சேர்ந்தது, விரல்கள் மடங்கவில்லை. இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பார்க்கப் போன எங்களிடம், "நான் நின்னுக்கிடுதேன்" என்றாள். வேலையை விட்டு நிற்கிறாளாம். அண்ணாச்சி நல்ல மனதோடுதான், "போன் எடுத்துப் பேசுத வேலை இருக்கும்மா, அதைப் பாரேன்" என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து விசைப்படகு வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். டீ குடித்தாலும் இடது கை, ஃபைலைத் தூக்கினாலும் இடது கை. கீபோர்டில் அந்தப் பழைய சத்தம் இல்லை. டொக், டொக் என்று ஒற்றை விரலாய் ஒலித்தது. இவருக்கும் கையில் ஏதோ என்று பயந்தே போனோம்.

"என்னண்ணே, கை வலியா?" என்று கேட்டேன்.

"இல்லலே. வலது கையை எடுத்தா அது தன்னால கீபோர்டுக்குப் போயிருது. அதான் பாக்கெட்டுல போட்டு வச்சிருக்கேன்." திரையைக் காட்டிச் சொன்னார்: "இந்தத் துள்ளி பயலை நம்பி மோசம் போனேன். வலது கை எழுத்தைத்தான் அமுக்கச் சொல்லுதான், மாத்தவும் விட மாட்டேங்கான். வள்ளத்துல எந்தெந்த எழுத்து வேணும்னு நாமளே சொல்லிக் குடுக்கலாம். இடது கைக்குப் பக்கத்துல உள்ளதா குடுத்துட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிடைத்த ப்ளகினையெல்லாம் ஒன்று விடாமல் மறுபடியும் சோதித்துக்கொண்டிருந்தார், இந்த முறை ஒற்றைக் கையால். சுருக்கெழுத்துகளை எல்லாம் இடது கை எட்டுகிற எழுத்துகளாக மாற்றினார். இரண்டு விசையைச் சேர்த்து அமுக்க வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கும்படி ஆக்கினார். அவருடைய சொந்த வேலை மலைபோல் குவிந்தது. அண்ணாச்சி பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

போன் வேலைக்கென்று இசக்கி வந்த அன்று, விசைப்படகு அவளுடைய பழைய மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஏளா, இங்கன உக்காரு" என்றார். எடிட்டரைத் திறந்து காட்டினார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னைப் பாத்துப் பாவப்படுதீங்களாண்ணே?"

"பாவமா? நீ எழுதுனதை இவ்வளவு நாளா நான்தானே பாக்கேன். ஒண்ணும் விளங்கல, தலைவலிதான் வருது. வந்து உன் வேலையை நீ பாரு தாயி."

அவள் உட்கார்ந்தாள். முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் நாங்கள் எல்லோரும் வேறு வேறு பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டோம். தப்பு வந்தது, அழித்தாள். மறுபடியும் தப்பு, மறுபடியும் அழித்தாள். கண் கலங்கியது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ விசைப்படகைப் பார்த்துத் திரும்பினாள்.

"எழுத எழுத, இந்த வார்த்தையா அந்த வார்த்தையான்னு கீழ ஒரு பட்டியல் குதிக்கே, அதை எடுங்க. கண்ணைக் கட்டுது."

"ஏளா, அதுதான் இருக்கதுலயே வேகம்!"

"வேகம் யாருக்குண்ணே வேணும்? தப்பு வராம இருந்தாப் போதும். அழிச்சு அழிச்சு எழுததுலதான் கை வலிக்கு."

எது வேகம் என்பதைத் தவிர வேறொரு கேள்வி உலகத்தில் உண்டு என்பதே விசைப்படகுக்கு அன்றுதான் தெரிந்ததுபோல் நின்றார். பிறகு தமது நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "சரி, ஒண்ணொண்ணா சொல்லு. எடுத்துருதேன்" என்றார்.

அவர் மாய்ந்து மாய்ந்து சேர்த்து வைத்ததில் பாதியை அவள் தூக்கிப் போட்டாள். அவர் வைத்த சுருக்கெழுத்துகளை மாற்றித் தனக்குத் தோதாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் இருவரும் சண்டை போட்டார்கள். பேக்கரிக்காரர் மேலே வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார். சித்திரை பிறப்பதற்குள் அவள் எழுதிய பகுதி ஒன்று என்னிடம் சோதனைக்கு வந்தது. நானும் விடாமல் தேடிப் பார்த்தேன். தப்பு இல்லை. எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். விசைப்படகு என்னைப் பார்க்காமல், "அவ எழுதுனா அப்படித்தாம்லே இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தமது வேலையில் குனிந்துகொண்டார்.

இசக்கி இன்றும் அங்கேதான் நிரல் எழுதுகிறாள். நான் அந்த வேலையை விட்டுச் சென்னைக்கு வந்து, இப்படிப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். விசைப்படகு மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். நலமா என்றெல்லாம் கேட்க மாட்டார். "ஏலே, புதுசா ஒரு ப்ளகின் வந்திருக்கு. இசக்கி அது சரியில்லேங்கா. நீ என்ன சொல்லுத?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் சொல்வதில் பாதி எனக்கு இப்போது புரிவதில்லை. ஆனாலும் அவராக வைக்கிற வரைக்கும் போனை வைக்க எனக்கு மனசு வந்ததே இல்லை.