நாலு குரலுக்கு ஒரு கண்டக்டர்

"உங்கள்ல யாரு கண்டக்டர்?"

ஒரு கையில் விண்ணப்பக் கட்டும் மறு கையில் செல்போனுமாக ஆபீஸ் அம்மா கூடத்துக்குள் ஓடிவந்து கேட்டதும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் கை தானாக மேலே போயிற்று. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பஸ்ஸின் எந்த மூலையிலிருந்து யார் "கண்டக்டர்!" என்று கத்தினாலும் அந்தக் கை அப்படித்தான் போகும்.

"நான்தாங்க."

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க!"

என்ன ஏது என்று கேட்பதற்குள் அந்த அம்மா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் மேடைமேல் நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. கை அசைச்சுப் பாட வைக்கிற கண்டக்டர், நம்ம மாஸ்டர், அவருக்குக் கடுமையான காய்ச்சலாம், வரலை. கோர்ஸை ரத்து பண்ணி உங்களை எல்லாம் மூட்டை கட்டச் சொல்ல வேண்டியதுதான்னு நினைச்சேன். நல்ல வேளை, நமக்குள்ளயே ஒரு கண்டக்டர் இருக்கார். தொழில்னு கேட்ட இடத்துல அவரே எழுதியிருக்கார், பாருங்க!"

இருபத்து மூன்று பேர் கைதட்டினார்கள்.

ஆறு நாள் தங்கிப் பாடுகிற பயிற்சி அது. நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு. நாலு வகைக் குரல்: மேல்குரல், அதற்கடுத்து ஆல்டோ, அதற்கும் கீழே டெனர், அடியில் கீழ்க்குரல். ஒன்று முன்னால் புறப்படும், இன்னொன்று துரத்திக்கொண்டு வரும், மூன்றாவது நடுவில் புகும். கேட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போலிருக்கும், ஆனால் சண்டை இருக்காது. டிப்போ ரேடியோவில் தற்செயலாக அதைக் கேட்ட நாளிலிருந்து நம்முடைய கண்டக்டருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கீழ்க்குரல் பாடலாம் என்று ஆசையாக விண்ணப்பம் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் நாலு குரலையும் நெட்டுருப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பாட்டுத் தாளைப் படிப்பது மட்டும் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"மேடம், நான் வந்து..." என்று வாயைத் திறந்தார்.

முன்வரிசையில் பல் டாக்டரம்மா. இதற்காகவே ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வந்தவர். பக்கத்தில், இரட்டைக் குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்.

மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதுதான் முதல் தப்பு.

"தொடங்கலாமா மாஸ்டர்?" என்றார் பல் டாக்டரம்மா. "எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கிறோம்?"

கண்டக்டர் தாளைப் பார்த்தார். தந்திக் கம்பியில் காக்காய் உட்கார்ந்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

"தாளை மூடி வைங்க," என்றார்.

"மூடணுமா?"

"மூடுங்க. கண்ணால பாடப் போறீங்களா, காதாலயா?"

தப்பிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் கூடம் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. "என்ன ஒரு முறை!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இருபத்து மூன்று தாள்களும் டப்டப்பென்று மூடிக்கொண்டன.

பாட ஆரம்பித்தார்கள். சந்தைக்கடைதான். மேல்குரல் ரெண்டு அடி வைப்பதற்குள் அடுத்த குரல் மேலே வந்து இடித்தது. கீழ்க்குரல்கள் வாசலிலேயே திணறி நின்றன. அவருக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரிந்த காட்சி. தன்னை மறந்து தொண்டை கிழியக் கத்தினார்:

"இறங்குறவங்க இறங்கட்டும், அப்புறம் ஏறுங்க! ஏறினவங்க உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்லயே தொங்காதீங்க!"

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"புரிஞ்சிடுச்சு!" என்று துள்ளினார் பல் டாக்டரம்மா. "அவங்க வரி இறங்கி முடிஞ்சப்புறம்தான் நாம நுழையணும். நுழைஞ்சதும் தயங்காம உள்ள போயிடணும். இதை எனக்கு யாருமே இவ்வளவு தெளிவா சொன்னதில்லை மாஸ்டர்!"

மறுபடி பாடினார்கள். ஒரு குரல் இறங்கியது, ஒரு குரல் ஏறியது, யாரும் யாரையும் மிதிக்கவில்லை. கண்டக்டரின் முதுகுத்தண்டில் ஜிவ்வென்று ஏதோ ஏறியது. ஹெட்போனில் கேட்டது இப்போது நிஜ மனிதர்களின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதுவும் அவர் கை காட்டிய இடத்தில்!

சாப்பாட்டு மேஜையில் உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தார். அதற்குள் டாக்டரம்மா முந்திக்கொண்டார்.

"எங்க இருந்தீங்க மாஸ்டர் இத்தனை நாளா?"

"டிப்போவுல," என்று வந்துவிட்டது.

"வெளிநாடா? எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு. பெரும்பாலும் பதினேழுல."

"பதினேழாம் நூற்றாண்டா! நாம பாடுறது பதினாறாச்சே?"

கண்டக்டர் ரொட்டியை விழுங்கிக்கொண்டே, "ஒண்ணு முன்னால வந்திருக்கேன்," என்றார். மேஜையே சிரித்தது. இத்தனை படித்தும் எவ்வளவு தன்னடக்கம் என்று அன்று மாலைக்குள் விடுதி முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அதற்கப்புறம் சொல்ல முடியுமா? ஒவ்வொரு நாளும் புதைகுழி ஆழமாகிக்கொண்டே போனது. "ஆல்டோ, நீங்க ஸ்டாண்டிங். டெனர், கம்பியைப் பிடிச்சுக்குங்க, வளைவு வருது!" என்று அவர் சொன்னதை எல்லாம் அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நாலாம் நாள் ஆபீஸ் அம்மா, கடைசி நாள் கச்சேரிக்கு வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பிவிட்டார். ஐந்தாம் நாள் காலை, காபிக் கோப்பையோடு வந்து இன்னொரு குண்டைப் போட்டார்.

"நல்ல சேதி சார்! மாஸ்டருக்கு உடம்பு தேவலையாம். நாளைக்குக் கச்சேரி கேட்க அவரே வர்றார். முன்வரிசையில சீட்டு போட்டுட்டேன்."

கண்டக்டர் கோப்பையை வாங்கி மேஜைமேல் வைத்தார். நேரே அறைக்குப் போய்ப் பையைக் கட்டினார். பின்கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏங்க, பாட்டெல்லாம் எப்படிப் போகுது?"

"நான் பாடலை. பாட வைக்கிறேன்." முழுக் கதையையும் கொட்டினார். "நாளைக்கு மானம் கப்பலேறிடும். இப்பவே கிளம்பி வீட்டுக்கு வந்துடறேன்."

எதிர்முனையில் ஒரு நிமிஷம் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏங்க, பாதி வழியில வண்டியை நிறுத்தி ஜனங்களை இறக்கி விட்டா நீங்களே சும்மா விடுவீங்களா? கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வாங்க."

பை மறுபடி அறைக்குப் போயிற்று.

மறுநாள் மாலை கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வெள்ளைத் தாடியும் கழுத்தில் மப்ளருமாக மாஸ்டர். கண்டக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தன் ஆட்களை ஒருமுறை பார்த்தார். எல்லாரும் ஏறியாகிவிட்டது. கையை உயர்த்தினார்.

மேல்குரல் புறப்பட்டது. ஆல்டோ தொற்றிக்கொண்டது. டெனர் சரியான இடத்தில் ஏறியது. கீழ்க்குரல் வந்து சேர்ந்தபோது கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகளே அதிர்ந்தன. எல்லாம் வெண்ணெய் மாதிரி போய்க்கொண்டிருந்தபோது, நடுவில் டெனர் வரிசை வழி தவறியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து ஆல்டோ தடுமாறியது. எல்லாமே கவிழ இன்னும் அரை நொடி.

கண்டக்டர் தன் முன்னால் பாட்டுத் தாள் வைக்கும் தாங்கியின் இரும்புக் கம்பியில் ணங் ணங் என்று ரெண்டு தட்டு தட்டினார்.

"ரைட்! போலாம்!"

அத்தனை குரலும் ஒன்றாக நகர்ந்தன. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஏறி, இறங்கி, துரத்தி, கடைசிச் சுரத்தில் நாலு குரலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பிறகு கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. டாக்டரம்மா அழுதுகொண்டே சிரித்தார். கண்டக்டருக்கும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

மாஸ்டர் மேடையேறி வந்து அவர் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா நான் கரடியா கத்தறேன், ஒருத்தரும் நுழைய வேண்டிய இடத்துல நுழைய மாட்டாங்க. நடுவுல ரெண்டு தட்டு தட்டினீங்களே, அது எந்த மரபு? அடுத்த வருஷமும் நீங்கதான் நடத்தணும். ஆமா, யார்கிட்ட படிச்சீங்க?"

"ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். இந்த மனிதரிடம் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஆபீஸ் அம்மா கூடத்தின் பின்னால் காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், என்னை மன்னிச்சிடுங்க. முதல் நாளே சொல்லியிருக்கணும். நான் நீங்க நினைக்கிற கண்டக்டர் இல்லை. நான் வெறும் பஸ் கண்டக்டர்."

அந்த அம்மா கையிலிருந்த நாற்காலியை மேலே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தெரியும் சார். அன்னிக்கு நீங்க கையைத் தூக்கினப்பவே தெரியும். ஒன்பது வருஷமா உங்க பஸ்லதானே நான் வேலைக்கு வர்றேன்!"