அப்பாவுக்கு வாங்கிய கடல்

தேயிலை மலையில் குடியிருக்கிறவன் கடலோடு வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது. கடல் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருப்பதுதான் அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது. இதை நான் தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் கேவலமானது.

அம்மா இறந்த பிறகு அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். எஸ்டேட் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் மலைமேல் கம்போங் ராஜாவில் பேச ஆரம்பித்தால் கீழே ஈப்போ டவுன் போய்ச் சேரும்வரை நிறுத்தமாட்டார் (கூட ஏறியவர்கள் தூங்குவதுபோல நடிப்பார்கள்). அப்படிப்பட்டவர், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு வைத்தால் நாலு வாய். கேட்டால் ஒரு தலையாட்டல். நானும் என் மனைவி மாலதியும் சாவு வீட்டில் பேசுவதுபோல மெல்லப் பேசியே பழகிவிட்டோம்.

ஈப்போவில் பல் பிடுங்கப் போன இடத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தேன். உள்ளே கடல் மீன்கள், அத்தனை நிறத்தில். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் (டாக்டருக்கு அது வசதியாகப் போயிற்று). அப்பா பார்க்கும் சுவரோரம் இப்படி ஒன்றை வைத்தால் என்ன? தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறவனுக்கு மூளை கொஞ்சம் அதிகம் என்று எனக்கு அப்போது ஓர் எண்ணம்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் எச்சரித்தார். "உங்க கேமரன் மலை குளிரு அண்ணே. ஹீட்டரும் நிக்கக்கூடாது, பம்பும் நிக்கக்கூடாது. பேட்டரி பம்பு ஒன்னு எடுத்துக்குங்க லா, கரண்டு போனா உதவும்."

"எங்க மலையில கரண்டெல்லாம் போவாது லா," என்றேன். (முந்தின வாரம்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டிருந்தோம்.)

அவர் கொடுத்த உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கடல் தயாரித்தேன். தண்ணீர் பக்குவப்படும்வரை மீன் விடக்கூடாதாம். பல வாரங்கள் அப்பா வெறும் தண்ணீரைப் பார்த்தார். சுவருக்கும் அதற்கும் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு மீன்கள் வந்தன. மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஒன்று. அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். அவர் விரலைக் கண்ணாடியில் வைத்தால் ஆரஞ்சு மீன் அங்கே வந்து நிற்கும். ஒரு நாள் மாலதி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "ஏங்க, மாமா தட்ட காலி பண்ணிட்டாரு!" பேச்சு மட்டும் வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், எங்கோ மரம் விழுந்து கரண்டு போனது. பம்பின் முனகல் நின்றதும் வீடு திடீரென்று காலியானதுபோல இருந்தது. தண்ணீர் ஆறிக்கொண்டே போனது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"தண்ணி ஆறக்கூடாது அண்ணே! உடனே சுடுதண்ணிய..."

அதோடு லைன் செத்துவிட்டது. (போத்தலில் ஊற்றி, இறுக மூடி, மிதக்க விட வேண்டும் என்ற மீதிப் பாதி மறுநாள்தான் கிடைத்தது.)

நான் கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அப்படியே தொட்டிக்குள் ஊற்றினேன். காற்று வேண்டுமே என்று மாலதி பெரிய அகப்பையால் கிண்டினாள்.

"ஏங்க, உப்பு கொறைஞ்சிருமே?"

அடுப்படிக்கு ஓடினேன். சமையல் உப்பை இரண்டு கை அள்ளி வந்து போட்டேன். ஆவி பறந்தது. மாலதி கிண்டினாள். நான் மறுபடி கெண்டியைச் சாய்த்தேன்.

நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொத்தமல்லி போடலையாடா?"

மாலதியின் அகப்பை நின்றது. அது அப்பாவின் குரல்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. முதலில் மாலதி சிரித்தாள், பிறகு நான். அப்பாவின் தோள்களும் குலுங்கின. அவர் சிரிக்கவில்லை, அழுகிறார் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டோம்.

ஒரு மீனும் பிழைக்கவில்லை. ஆரஞ்சு மீனை அப்பாவே உள்ளங்கையில் எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடி ஓரம், மழையில் நனைந்துகொண்டே குழி தோண்டினோம். திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "உங்கம்மாவும் இப்படித்தான். கொழம்புல தண்ணி கூடிப்போனா உப்ப அள்ளிக் கொட்டுவா."

அவள் போன பிறகு அவளைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. மழை விடும்வரை நிறுத்தவில்லை. நாங்கள் தூங்குவதுபோல நடிக்கவில்லை.

இப்போதும் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் நான் பந்திப் பக்கம் போனால், யாராவது கொத்தமல்லிக் கட்டோடு வந்து நிற்பார்கள். அப்பாதான் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். அவரும் சொல்வார். கொஞ்ச நாளாக அவர் சொல்லும் கதையில் அம்மாவும் இருக்கிறாள். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இவன் உப்ப போடுறான் லா, அவ கேக்குறா, கொத்தமல்லி போடலையாடான்னு," என்று அப்பா சிரிக்கிறார்.

நாங்களும் சிரிக்கிறோம். யாரும் திருத்துவதில்லை.